இறவாமையும் இயந்திரமும்

தான் மாளப் பிறந்தவன் என்பதை உணர்ந்த நாள்முதல், மாளாதிருக்கும் வழியையும் மனிதன் தேடி வருகின்றான். தமிழிலக்கியத்தில் அத் தேடலின் தடம் நீண்டது. அதியமானின் நெல்லிக்கனியில் தொடங்கி, சித்தர்களின் காயசித்தி வழியாக, வள்ளலாரின் மரணமிலாப் பெருவாழ்வு வரை அது தொடர்கின்றது. இன்று அத் தேடல் மருந்தையும் யோகத்தையும் விட்டு இயந்திரத்தின் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. இஃது அறிவியலார் மட்டும் ஆராய வேண்டிய செய்தியன்று. திறனாய்வாளரும் ஆராய வேண்டியதே. ஏனெனில், இயந்திரம் இன்று சாகாமல் காப்பதாக முன்வந்திருப்பது மனிதனின் எலும்பையும் தசையையும் அன்று. அவன் சொல்லையும் குரலையும். சொல்லும் குரலும் இலக்கியத்தின் உடைமைகள்.

2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான ‘லால் சலாம்’ திரைப்படத்தில் ‘திமிரி எழுடா’ என்றொரு பாடல் உண்டு. அதில் நாம் கேட்கும் குரல்கள் பம்பா பாக்யாவுடையவை, சாகுல் ஹமீதுடையவை. இருவரும் அப்பாடல் உருவாவதற்கு முன்பே மறைந்தவர்கள். இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் அவர்களுடைய குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, உரிய ஊதியமும் அளித்து, செயற்கை நுண்ணறிவின் துணையால் அக்குரல்களை மீட்டார். அதே ஆண்டு ஜனவரியில், 2018இல் மறைந்த கலைஞர் மு. கருணாநிதி, ஒரு நூல் வெளியீட்டு விழாவின் திரையில் தோன்றி வாழ்த்துரை வழங்கினார். உருவம் அவருடையது, குரல் அவருடையது, சொற்கள் வேறு எவரோ எழுதியவை.

இவை தொலைவில் நிகழ்ந்தவை என்று நாம் இருந்துவிட இயலாது. அண்மையில் பாகான் செராயில் ஒரு கருமாதி வீட்டில் அமர்ந்திருந்தேன். மறைந்தவர் எங்கள் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய தலைமுறையின் இறுதி ஆட்களுள் ஒருவர். கணினித் துறையில் பயிலும் பேரன், தாத்தா கைப்பேசியில் அனுப்பிய குரல் பதிவுகளையெல்லாம் சேர்த்து வைத்திருந்தான். அவற்றைக் கொண்டு தாத்தாவை மீண்டும் பேசவைக்கலாம் என்றான். கேட்ட கேள்விக்கு விடையும் வரும் என்றான். சுற்றி இருந்தோர் வியந்தனர். மூலையில் அமர்ந்திருந்த பாட்டி மட்டும் நிமிர்ந்து பார்த்து, “பேசட்டும் சாமி. ஆனா பேசறது யாரு?” என்று கேட்டார்.

அக்கேள்விக்குப் பேரனிடம் விடை இல்லை, என்னிடமும் இல்லை. அதற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை. இறவாமை என்று தமிழிலக்கியம் எதனைக் கருதியது? இயந்திரம் தருவதாகச் சொல்லும் இறவாமை அதுதானா? அஃது யாருக்குக் கிட்டும்? இம் மூன்று வினாக்களையும் முறையே காண்போம்.

மூலன் மனைவி

பாட்டியின் கேள்வி புதியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அதனை ஒரு கதையாகவே நம்முன் வைத்துவிட்டார். பெரியபுராணத்தில் வரும் திருமூல நாயனார் வரலாற்றைத் தத்துவக் கதையாகப் படித்துப் பழகிய நாம், அதில் உள்ள மனிதத் துயரைப் பெரும்பாலும் கடந்து போய்விடுகின்றோம்.

கயிலையிலிருந்து தெற்கே வந்த சிவயோகியார் ஒருவர், காவிரிக் கரையில் சாத்தனூரை அடுத்த இடத்தில், மூலன் என்னும் இடையன் இறந்து கிடப்பதைக் காண்கின்றார். அவன் மேய்த்த பசுக்கள் உடலைச் சூழ்ந்து நின்று கதறுகின்றன. அவற்றின் துயர் தீர்க்க எண்ணிய யோகியார், தம் உடலைக் காவலான ஓரிடத்தில் வைத்துவிட்டு, மூலன் உடலில் புகுகின்றார். மூலன் எழுகின்றான். பசுக்கள் களித்து மேய்கின்றன; மாலையில் வீடு திரும்புகின்றன. ஆனால் கணவன் வரக் காணாத மனைவி தேடிக்கொண்டு வருகின்றாள். அவனைக் கண்டு தொட முனைகின்றாள். ‘உனக்கும் எனக்கும் உறவில்லை’ என்னும் கருத்துப்பட விலக்கிவிட்டு, யோகியார் ஒரு மடத்தினுள் சென்றுவிடுகின்றார். அவள் இரவெல்லாம் உறங்காமல் கிடந்து, விடிந்ததும் ஊர்ப் பெரியோரிடம் முறையிடுகின்றாள். அவர்கள் வந்து பார்த்து, இவன் இனி உன்னவன் அல்லன் என்று தேற்றி அழைத்துச் செல்கின்றனர். தம் பழைய உடலைத் தேடிச் சென்ற யோகியாருக்கும் அது கிடைக்கவில்லை. மூலன் உடலிலேயே தங்கித் திருமந்திரம் இயற்றுகின்றார்.

உள்ளமும் உடலும் பிரிக்கத்தக்கவையா என்னும் வினாவை இதனினும் கூர்மையாக எழுப்பிய கதை தமிழில் வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. முகம் மூலனுடையது, கை மூலனுடையது, குரலும் மூலனுடையதாகவே இருந்திருக்க வேண்டும். பசுக்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மனைவிக்கும் அது போதுமானதாகவே தோன்றியிருக்கும், யோகியார் உண்மையை மறைத்திருந்தால். அவர் மறைக்கவில்லை. ஓர் உடலில் குடிபுகும் ஆற்றல் பெற்றவர், அவ்வுடலுக்குரிய உறவைத் தாம் நடிக்கலாகாது என்று தெளிந்திருந்தார். இக்கதையின் அறம் இந்த மறுப்பில்தான் இருக்கின்றது. கூடுவிட்டுக் கூடு பாய்வது வித்தை. பாய்ந்தபின் ‘நான் உன் கணவன் அல்லேன்’ என்று சொல்வது மெய்ம்மை.

இன்றைய இயந்திரமும் ஒருவகையில் கூடு பாய்கின்றது. ஆனால் திசை மாறிப் பாய்கின்றது. யோகியார் வேறோர் உடலில் தம் உயிரை வைத்தார். இயந்திரமோ இறந்தவனின் குரலை மட்டும் எடுத்து, உள்ளே எவரும் இல்லாத கூட்டில் வைக்கின்றது. யோகியார் மனைவியிடம் உறவை மறுத்தார். இயந்திரம் உறவை உரிமை கொண்டாடும். ‘அப்பா பேசுகிறேன்’ என்று அது சொல்லும். அவ்வாறு சொல்லும்படி அதனை ஆக்குவோர் மனிதர்களே என்பதால், குற்றத்தை இயந்திரத்தின் தலையில் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

உயிரும் மெய்யும்

நம் இலக்கணத்தார் எழுத்துகளை உயிர், மெய், உயிர்மெய் என்று பகுத்தனர். மெய் என்னும் ஒரு சொல்லே உடலையும் உண்மையையும் குறித்து நிற்பதைத் தமிழ் மாணவன் இளமையிலேயே கற்றுவிடுகின்றான். உடல் பொய், உள்ளமே மெய் என்று துறவு நூல்கள் பலகாலும் கூறியிருப்பினும், திருமூலர் அவ்வழி நின்றுவிடவில்லை. உடலை இழிந்ததாகத் தாம் முன்னர் எண்ணியிருந்ததையும், பின்னர் அதனுள்ளே இறைவன் குடியிருக்கக் கண்டு அதனைப் பேணத் தலைப்பட்டதையும் அவரே கூறுகின்றார். உடலை இழந்தால் உயிரும் தன் வேலையை இழக்கும் என்பது அவர் கொள்கை. இன்னொருவனின் உடலில் வாழ்ந்தவராகச் சொல்லப்படும் ஒருவர், உடலுக்கு இத்துணை மதிப்பளித்தது எண்ணத்தக்கது.

உள்ளத்தை உடலிலிருந்து பிரித்துக் கணினியில் ஏற்றிவிட்டால் சாவை வெல்லலாம் என்று மேனாட்டார் சிலர் நம்புகின்றனர். மனித அறிவும் இயந்திர அறிவும் ஒன்றாகக் கலக்கும் திருப்பம் 2045ஆம் ஆண்டளவில் வரும் என்று அமெரிக்க அறிஞர் ரே கர்ஸ்வைல் 2005இல் வெளியிட்ட நூலில் கணித்தார். அந்நம்பிக்கையை அறிவியலின் அளவுகோலாலேயே அளந்து பார்க்கலாம். மண்ணில் வாழும் நுண்ணிய உருண்டைப் புழு ஒன்றுக்கு 302 நரம்பணுக்களே உண்டு. அவற்றின் இணைப்புகள் முழுவதையும் ஆய்வாளர் 1986இலேயே வரைந்துவிட்டனர். பழ ஈயின் மூளை வரைபடம் 2024இல் நிறைவுற்றது. அதில் ஏறத்தாழ 1,40,000 நரம்பணுக்கள் உள்ளன. மனித மூளையிலோ ஏறத்தாழ 8,600 கோடி. அந்த 302 அணுக்களின் வரைபடம் கையில் இருந்தும், ஒரு புழுவின் வாழ்க்கையை அப்படியே கணினியில் நடத்திக் காட்ட இன்னும் இயலவில்லை. வரைபடம் ஊரன்று. ஊரில் மழை பெய்யும், வரைபடம் நனையாது.

புழுவின் நரம்பு புழுவின் பசியோடு பிணைந்தது. மனிதனின் எண்ணமும் அவன் வயிற்றோடும் மூச்சோடும் முதுகுவலியோடும் பிணைந்ததே. அதிகாலைப் பனியில் பால்வாளி சுமந்து நடந்தவனின் நினைவு அவன் தோளிலும் இருக்கின்றது. தோளை விட்டுவிட்டு நினைவை மட்டும் எடுத்துச் செல்வது எவ்வாறு?

பசியும் இறவாமையும்

இறவாமையை உறுதியாக நம்பிய தமிழர் இருவரை இங்கு நினைக்க வேண்டும். வள்ளலார் இராமலிங்க அடிகள் 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் ஓர் அறையினுள் புகுந்து கதவைச் சாத்தச் செய்தார். அவர் உடல் ஒளியில் கலந்தது என்பது அன்பர் நம்பிக்கை. நம் பேராக் மாநிலத்துத் தாப்பாவில் 1959இல் சமாதியடைந்த ஜெகநாத சுவாமிகளை வள்ளலாரின் சீடர் என்றும், நூறாண்டை நெடிது கடந்து வாழ்ந்தவர் என்றும் போற்றுவோர் இன்றும் உள்ளனர். இந்நம்பிக்கைகளை மறுப்பதோ நிறுவுவதோ திறனாய்வாளன் வேலையன்று. வள்ளலார் இறவாமையை எதனோடு இணைத்தார் என்று காண்பதே அவன் வேலை.

அவர் அதனைப் பசியோடு இணைத்தார். 1867ஆம் ஆண்டு வடலூரில் தருமசாலை தொடங்கி, அன்று மூட்டிய அடுப்பு அணையாது காக்கப்பட வேண்டும் என்றார். அவ்வடுப்பு இன்றும் எரிகின்றது. ஞானசபை எழுந்தது அதற்குப் பின்னர்தான், 1872இல். முதலில் சோறு, பின்னர் சோதி என்னும் இவ்வரிசையை நாம் மறத்தலாகாது. பிறர் பசித்திருக்கத் தான் மட்டும் சாகாதிருப்பது அவர் கண்ட பெருவாழ்வு அன்று. சங்கப் புலவன் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியும் அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாதாரால்தான் உலகம் நிலைக்கின்றது என்னும் கருத்தைப் பாடினான். அதியமான் நீண்ட வாழ்வு தரும் கனியைப் பெற்றான். தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான். கனியை உண்டிருந்தால் அவன் இன்னும் சில காலம் வாழ்ந்திருப்பான். ஈந்ததனால் இரண்டாயிரம் ஆண்டாக வாழ்கின்றான்.

மற்றொருவர் பாரதி. 1921ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் அவர் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில் ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்னும் பொருளில் உரையாற்றினார். அதன்பின் ஏறத்தாழ ஆறு வாரங்களில், செப்டம்பரில், முப்பத்தெட்டு வயதில் மறைந்தார். இதனை விதியின் கேலி என்பார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. உடல் நலிந்திருந்த ஒருவர், சாவை அஞ்சாதிருக்கும் உரிமையை மக்கள் முன் நின்று அறிவித்தார். அச்சத்தை வெல்வதே அவர் கருத்தில் மரணத்தை வெல்வது. அவர் குரலின் ஒலிப்பதிவு எதுவும் நமக்குக் கிட்டவில்லை. அவர் எப்படிப் பாடினார் என்பதை அருகிருந்தோர் எழுதி வைத்ததைக் கொண்டே அறிகின்றோம். குரல் போனது, ஆயினும் பாரதி போகவில்லை. குரலைக் காப்பதும் மனிதனைக் காப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

யாருக்கு இந்த இறவாமை?

எழுத்தாளர் சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ இந்த இடத்தில் நமக்கு உதவுகின்றது. வருங்காலத்தில் நிகழும் அக்கதையில் ஜீனோ என்னும் இயந்திர நாய் நூல் படிக்கும், சிந்திக்கும், நகைச்சுவையாகப் பேசும். வாசகர் ஜீனோவைக் கொண்டாடினர். அதனால் கதையின் கூர்மையான பகுதி சற்று மறைந்துவிட்டது. நாட்டையே ஆளும் ஜீவா உண்மையில் ஒரு மனிதனே அல்லன், ஒளியால் ஆன பிம்பம் என்பது வெளிப்படும் இடமே அப்பகுதி. குழந்தை பெறவும் அரசின் இசைவு வேண்டும் என்னும் நாட்டில், ஆள்பவனுக்கு மட்டும் உடலே இல்லை. உடலில்லாதவனுக்குப் பசி இல்லை, மூப்பு இல்லை. ஆகவே பிறர் பசியும் அவனுக்குப் புலப்படுவதில்லை. இயந்திர இறவாமை முதலில் யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதைச் சுஜாதா விளையாட்டாகச் சொல்வதுபோல் சொல்லிவிட்டார்.

ஆம், இயந்திரம் எல்லோரையும் மீட்பதில்லை. பதிவு உள்ளவனையே அது மீட்கும். பாடகனுக்கு ஒலிநாடா உண்டு. தலைவனுக்குப் படச்சுருள் உண்டு. எங்கள் கிரியான் மாவட்டத்தின் கதை வேறு. ரப்பருக்கு முன்னரே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், கரும்புத் தோட்டங்களுக்காக ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர் இங்குச் சதுப்பு நிலத்தில் உழைத்தனர். காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் திரளாக மாண்டனர். பின்னர் ரப்பர் வந்தது. பெரட்டுக்குச் சங்கு ஊதியதும் எழுந்து, மங்கு மங்காகப் பால் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தவர்களின் வாழ்வைச் செக்ரோல் ஒன்றே பதிவு செய்தது. அதில் அவர்கள் பேசியது இல்லை. வந்த நாளும் வராத நாளும் மட்டுமே உண்டு. மனிதனை இயந்திரமாக எண்ணிய ஏடு அது. மனிதனைப் போன்ற இயந்திரத்தைப் பற்றி இன்று வியப்பவர்கள், இயந்திரத்தைப் போல் நடத்தப்பட்ட மனிதர் நம் வீடுகளிலேயே இருந்தனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் பாட்டி எடுத்துக்கொண்ட ஒரே புகைப்படம் அடையாள அட்டைக்காக எடுத்தது. அவர் இறந்தபோது இறப்பைப் பதிய அவ்வட்டையையும் ஒப்படைக்க நேர்ந்தது. அவருடைய முகமும் அன்றோடு வீட்டைவிட்டுப் போயிற்று. எந்த நுண்ணறிவும் அவரை மீட்க இயலாது. மீட்பதற்கு மூலப்பொருளே இல்லை.

இன்னும் பெரிய எடுத்துக்காட்டும் உண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. கல்லில் பெயரும் படைப்பிரிவும் வயதும் காணலாம். தோட்டத் தமிழனுக்கு அத்தகைய கல்லறை இல்லை. 2023இல்தான் அவர்கள் நினைவாக அங்கு ஒரு நடுகல் எழுந்தது. வீழ்ந்தவனின் பெயரும் பீடும் எழுதிக் கல் நடுவது சங்க காலத்து வழக்கம். ஆனால் பல்லாயிரம் பெயரையும் ஒரு கல் தாங்குமோ?

நம் எழுத்தின் கடன்

கல் தாங்காததை எழுத்து தாங்க வேண்டும். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்களின் சிறப்பு இவ்விடத்தில்தான் விளங்குகின்றது. தொகையாக மட்டும் அறியப்பட்ட மக்களை அவை பெயரும் ஊரும் உறவும் உடைய மாந்தராக நம்முன் நிறுத்துகின்றன. கற்பனைப் பெயராயினும், பெயர் என்ற ஒன்று அவர்களுக்குக் கிடைக்கின்றது.

ஆயின் நம் எழுத்து முழுவதும் இவ்வாறு இருந்ததா? இருந்தது என்று சொல்ல என் நெஞ்சம் ஒப்பவில்லை. தோட்டத்தைப் பாடுபொருளாகக் கொண்ட நம் கதைகள் பலவற்றில் ஒரே குடிகாரக் கணவன், ஒரே பொறுமைசாலி மனைவி, ஒரே கொடிய கங்காணி மீண்டும் மீண்டும் வருகின்றனர். பெயரை மாற்றினால் ஒரு கதையின் மாந்தர் மற்றொரு கதைக்குள் தடையின்றி நுழைந்துவிடுவர். அவன் எப்படிச் சிரித்தான், எந்தச் சொல்லை எப்படி இழுத்துப் பேசினான், எந்த மரத்தடியில் சுருட்டுப் பிடித்தான் என்பன அவற்றில் இல்லை. கிடைத்தவற்றின் பொதுமையைக் கொண்டு ஒன்றை ஆக்கித் தருவது இயந்திரத்தின் முறை. நாமும் அம்முறையிலேயே எழுதினோமாயின், இயந்திரத்தைப் பழிக்க நமக்கு என்ன தகுதி உண்டு? துயரத்தை எழுதியதால் மட்டும் ஒருவனை நாம் காத்துவிடுவதில்லை. அவனை அவனாக எழுதினால்தான் காக்கின்றோம்.

இயந்திரத்தை அஞ்சி ஓட வேண்டும் என்பது என் கருத்தன்று. முதியோர் பேச்சைப் பதிந்து வைக்க இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் கருவி இருக்கின்றது. முந்தைய தலைமுறைக்கு வாய்க்காத பேறு இது. பதிந்ததைப் பேணுவோம், கேட்போம், கேட்டு எழுதுவோம். இசைவும் ஊதியமும் பெற்று ஒரு பாடகனின் குரல் மீண்டும் ஒலிப்பதிலும் பெருங்குற்றம் காண்பதற்கில்லை. அது மீட்டெடுத்த குரல் என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. ஆனால் இறந்தவர் வாயில் அவர் சொல்லாத சொல்லை வைத்து, அதனை அவரே சொன்னதாக நம்பச் செய்வது வேறு. சாத்தனூர் யோகியார் செய்யத் துணியாத செயல் அது.

கருமாதி வீட்டுக்குத் திரும்புவோம். பாட்டியின் கேள்விக்குப் பிறகு பேரன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர் கைப்பேசியை எடுத்து, தாத்தா உண்மையில் அனுப்பிய பதிவுகளுள் ஒன்றைப் போட்டான். மழை வருவதால் காயப்போட்ட துணியை எடுக்கும்படி வீட்டாருக்குச் சொல்லும் பதிவு அது. பாட்டி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். சிறிது கழித்து, “இது அவருதான்” என்றார்.

அவர் சொல்லாத நூறு அறிவுரைகளைவிட, அவர் சொன்ன அந்த ஒரு சொல் பெரிது. ‘பேசறது யாரு’ என்று கேட்கும் காது நம்மிடம் இருக்கும்வரை, இறந்தோர் நம்மிடையே இறவாதிருப்பர். அந்தக் காதைக் காப்பதே இலக்கியத்தின் பணி.